பி.டி-1 ஏற்பிப் புரதம்: எதிர்ப்பொருளே இடாத குழியும் நிறம் கொள்வது ஏன்?

நிலாமுற்றம் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் நோயெதிர்ப்பியலில் முனைவர் பட்ட ஆய்வின் இரண்டாம் ஆண்டில் இருக்கிறேன். எங்கள் குழுவில் இதுவரை எவரும் மறுசேர்க்கைப் புரதங்களைத் தட்டில் பூசி எலைசா (எதிர்ப்பொருள் ஒட்டியதை நிறத்தால் அளக்கும் சோதனை) செய்ததில்லை. அருகில் கேட்டறிய ஆளில்லாததால் இங்கே கேட்கிறேன். கேள்வி சற்று நீளமானது, பொறுத்தருள வேண்டும்.

டி செல்களின் மேற்பரப்பில் இருக்கும் பி.டி-1 ஏற்பியை நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப் ஆகிய இரண்டு புற்றுநோய் மருந்து எதிர்ப்பொருள்களும் எந்தெந்தச் செறிவில் எவ்வளவு பிடிக்கின்றன என்று ஒப்பிட்டுப் பார்ப்பதே எனக்குத் தரப்பட்ட வேலை. இதற்காக, ஆய்வகத்தில் தயாரிக்கப்பட்ட மனித பி.டி-1 புரதம் இரண்டு குப்பிகளில் என்னிடம் உள்ளது. முதல் குப்பி நாங்கள் விலைக்கு வாங்கியது, ஹெக் 293 என்ற மனிதச் செல்களில் உற்பத்தியானது, பி.டி-1-இன் வெளிப்பகுதியோடு மனித ஐஜிஜி1 எதிர்ப்பொருளின் எஃப்சி பகுதி வாலாக இணைக்கப்பட்டுள்ளது. இரண்டாம் குப்பி பக்கத்து ஆய்வகத்தார் அன்போடு கொடுத்தது, ஈ.கோலை பாக்டீரியாவில் தயாரித்து, ஆறு ஹிஸ்டிடின் கொண்ட வாலைச் சேர்த்திருக்கிறார்கள்.

செய்முறை இதுதான். ஒரு மில்லிலிட்டருக்கு 1 மைக்ரோகிராம் என்ற அளவில் புரதத்தை 96 குழித் தட்டில் இரவு முழுவதும் பூசி, மறுநாள் 5 விழுக்காடு பால் பொடிக் கரைசலால் வெற்றிடங்களை அடைத்து, எதிர்ப்பொருளைப் படிப்படியாக நீர்த்து இட்டேன். பின்னர், மனித ஐஜிஜி-யைப் பிடிக்கும்படி ஆட்டில் வளர்த்த, எச்.ஆர்.பி நொதி இணைந்த இரண்டாம் நிலை எதிர்ப்பொருளை இட்டு, நிறம் தரும் டி.எம்.பி சேர்த்து, அமிலத்தால் நிறுத்தி, 450 நானோமீட்டரில் அளந்தேன்.

முதல் குப்பியைப் பூசிய குழிகள் அனைத்தும், நிவோலுமாப் ஒரு துளியும் இடாத குழிகள் உட்பட, கருவியின் உச்ச அளவுக்கே நிறம் கொண்டுவிட்டன. கழுவும் சுற்றுகளை மூன்றிலிருந்து ஆறாகக் கூட்டினேன், பாலுக்குப் பதில் மாட்டுச் சீரம் ஆல்புமினால் அடைத்தேன், பயனில்லை. இரண்டாம் குப்பியில் நிலைமை நேர்மாறானது. வெற்றுக் குழி தெளிவாக இருந்தது; பெம்ப்ரோலிசுமாப் இட்ட குழிகள் ஒழுங்கான வளைகோட்டைத் தந்தன; ஆனால் நிவோலுமாப் மிக மங்கலான நிறத்தையே தந்தது. நிவோலுமாப் கெட்டுவிட்டதோ என்று ஐயுற்று, டி செல்களின் மேல் இட்டு, செல்களை ஒவ்வொன்றாக அளக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரியில் பார்த்தேன். அங்கே நன்றாகவே பிடிக்கிறது.

இன்னும் இரண்டு ஐயங்கள் உண்டு. முதல் குப்பியின் புரதம் கணக்குப்படி ஏறத்தாழ 42 கிலோடால்டன் இருக்க வேண்டும். ஜெல்லில் 65-ஐ ஒட்டி, அதுவும் பரவலான ஒரு பட்டையாகத் தெரிகிறது. இது தூய்மையற்றதா? அடுத்தது, இந்தப் புரதத்தை டி செல் வளர்ப்பில் சேர்த்தால் டி செல்களின் செயல்பாட்டை அடக்க முடியுமா என்று என் நெறியாளர் கேட்கிறார். பி.டி-1 என்ற பெயரின் விரிவிலேயே (புரோகிராம்டு செல் டெத்) செல் மரணம் இருப்பதால் செல்கள் மடிந்துவிடுமோ என்ற அச்சமும் எனக்கு இருக்கிறது.

புரதப்பட்டறை (மறுமொழி)

வணக்கம். முதல் சிக்கலுக்குக் கழுவுதலும் காரணமில்லை, பாலும் காரணமில்லை. நீங்கள் அளந்தது நிவோலுமாபை அன்று. தட்டில் நீங்களே பூசிய புரதத்தை.

எதிர்ப்பொருள் மூலக்கூறின் இரு கைகள் இலக்கைப் பிடிக்கின்றன. அதன் அடிப்பகுதிதான் எஃப்சி. மனித ஐஜிஜி-யைப் பிடிக்க ஆட்டில் வளர்த்த இரண்டாம் நிலை எதிர்ப்பொருள் பெரும்பாலும் அந்த அடிப்பகுதியைத்தான் தேடிப் பிடிக்கும். உங்கள் முதல் குப்பியில் இருக்கும் பி.டி-1 அதே மனித எஃப்சி-யை வாலாகச் சுமந்துகொண்டிருக்கிறது. எனவே, நிவோலுமாப் வந்தாலும் வராவிட்டாலும் தட்டின் தரை முழுவதும் இரண்டாம் நிலை எதிர்ப்பொருளுக்கு இலக்காகவே இருக்கும். ஐயம் தீர வேண்டுமானால் ஒரு வரிசைக் குழிகளைப் புரதமே பூசாமல் அடைத்து, மற்ற எல்லாவற்றையும் அப்படியே செய்து பாருங்கள். அந்த வரிசை தெளிவாக இருக்கும்.

இதிலிருந்து மீளப் பல வழிகள் உள்ளன. எனக்குப் பிடித்தது கப்பா வழி. நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப் இரண்டும் ஐஜிஜி4 வகை, இரண்டின் இலகு சங்கிலியும் கப்பா வகை. எஃப்சி வாலில் கன சங்கிலியின் கீழ்ப்பாதி மட்டுமே இருக்கிறது. இலகு சங்கிலி அறவே இல்லை. எனவே மனிதக் கப்பா சங்கிலியை மட்டும் பிடிக்கும் இரண்டாம் நிலை எதிர்ப்பொருளுக்கு மாறினால், கையில் இருக்கும் குப்பியையே பயன்படுத்தலாம். புதிதாகப் புரதம் வாங்க வேண்டியதில்லை. ஐஜிஜி4-ஐ மட்டும் பிடிக்கும் ஒருபடித்தான எதிர்ப்பொருள்களும் கிடைக்கின்றன. உங்கள் வால் ஐஜிஜி1 என்பதால் அவையும் கொள்கையளவில் பொருந்தும். ஆனால் ஐஜிஜி துணை வகைகள் ஒன்றுக்கொன்று மிகவும் ஒத்தவை. எனவே வெற்றுக் குழியைச் சோதிக்காமல் அவற்றை நம்ப மாட்டேன்.

நிவோலுமாபின் மேல் பயோட்டினை ஏற்றி, அதை இறுகப் பிடிக்கும் ஸ்ட்ரெப்டாவிடின் இணைந்த எச்.ஆர்.பி-யால் கண்டறிவதும் ஒரு வழி. அதைத் தேர்ந்தால் பால் பொடியை விட்டுவிடுங்கள். பாலில் இயல்பாகவே பயோட்டின் உண்டு, அது ஸ்ட்ரெப்டாவிடினை முந்திக்கொண்டு பிடித்துவிடும். பயோட்டின் ஏற்றும் வினை அமீன் தொகுதிகளைத் தேடுவது. எனவே டிரிஸ் பஃபரில் இருக்கும் எதிர்ப்பொருளை முதலில் அமீன் இல்லாத பி.பி.எஸ் பஃபருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். காப்புப் புரதமாக ஆல்புமின் கலந்த குப்பியில் இதைச் செய்தால் பயோட்டினின் பெரும்பகுதி ஆல்புமினுக்கே போய்ச் சேரும்.

மூன்றாவது, ஹெக் 293-இல் தயாரான, ஹிஸ்டிடின் வால் கொண்ட பி.டி-1-ஐ வாங்குவது. நீண்ட நாள் இந்த வேலையைச் செய்யப் போகிறீர்கள் என்றால் அதுவே நேர்வழி. ஒரு சிறு எச்சரிக்கை: எஃப்சி வால் இல்லாத பி.டி-1 வெளிப்பகுதி மிகச் சிறியது, ஏறத்தாழ 16 கிலோடால்டன். இவ்வளவு சிறிய புரதத்தை நேரடியாகப் பாலிஸ்டைரீன் தட்டில் பூசும்போது ஒரு பகுதி உருக்குலைந்தும், ஒரு பகுதி பிடிப்பு முகம் கீழே போகும்படி கவிழ்ந்தும் படிந்துவிடுகிறது. வாலில் ஒற்றைப் பயோட்டின் ஏற்றிய வடிவத்தை ஸ்ட்ரெப்டாவிடின் தட்டில் நிறுத்தினால் மூலக்கூறுகள் அனைத்தும் ஒரே திசையில் நிற்கும்.

இரண்டாம் குப்பியைப் பற்றி ஒன்று கேட்க வேண்டும். அதில் இருப்பது எத்தனையாவது அமினோ அமிலத்திலிருந்து எத்தனையாவது வரை? பக்கத்து ஆய்வகத்தாரிடம் கேட்டு எழுதுங்கள். எனக்கு ஓர் ஊகம் இருக்கிறது. எண் தெரிந்த பிறகு சொல்கிறேன்.

நாற்பதாம்_மேசை (மறுமொழி)

ஜெல்லைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், மற்றதை மேலே உள்ளவர் நன்றாகச் சொல்லிவிட்டார்.

65-இல் தெரியும் பரவலான பட்டை தூய்மைக் குறைவின் அறிகுறி அன்று, சர்க்கரையின் அறிகுறி. மனித பி.டி-1-இன் வெளிப்பகுதியில் 49, 58, 74, 116 ஆகிய நான்கு இடங்களில் இருக்கும் அஸ்பரஜின்களில் சர்க்கரைச் சங்கிலிகள் ஏறுகின்றன. எஃப்சி வாலிலும் 297-ஆம் இடத்தில் ஒன்று உண்டு. கணக்கில் வரும் 42 என்பது அமினோ அமிலங்களின் எடை மட்டுமே. அதில் சர்க்கரையின் எடை சேராது. மேலும், எஸ்.டி.எஸ் என்ற சோப்பு புரதச் சங்கிலியில் ஒட்டும் அளவுக்குச் சர்க்கரையில் ஒட்டுவதில்லை. அதனால் சர்க்கரை ஏறிய புரதம் தன் உண்மையான எடைக்கு உரிய வேகத்தைவிடவும் மெதுவாகவே ஜெல்லில் இறங்கும். ஒவ்வொரு மூலக்கூறிலும் சங்கிலிகளின் நீளமும் கிளைகளும் சற்றே மாறுபடுவதால் பட்டை கூர்மையாக இல்லாமல் பரந்து தெரிகிறது. ஹிஸ்டிடின் வால் மட்டும் கொண்ட ஹெக் பி.டி-1-க்கும் இதே கதைதான்: கணக்கில் 17-ஐ ஒட்டி இருக்கும், ஜெல்லில் 30-க்கு மேலே நிற்கும்.

உறுதிப்படுத்திக்கொள்ள விரும்பினால் பி.என்.கேஸ் எஃப் நொதியால் சர்க்கரையை வெட்டிவிட்டு மீண்டும் ஓட்டுங்கள். பட்டை கீழே இறங்கிக் கூர்மையாகும். இதில் பலரும் வழுக்கி விழும் ஓர் இடம் உண்டு. அந்த நொதியே 36 கிலோடால்டன் கொண்ட புரதம். நொதியை மட்டும் ஓட்டிய தனிப் பாதை ஒன்று அதே ஜெல்லில் இல்லையென்றால், நொதியின் பட்டையைப் பார்த்து, அதுவே சர்க்கரை நீங்கிய பி.டி-1 என்று எழுதிவிடுவீர்கள். நானே ஒருமுறை அப்படி எழுதி, குழுக் கூட்டத்தில் படத்தைத் திரையில் போட்ட பிறகுதான் உணர்ந்தேன்.

எஃப்சி வால்கள் இரண்டு டைசல்பைடு பிணைப்பால் கோத்துக்கொள்வதால் உங்கள் புரதம் கரைசலில் இரட்டையாகவே இருக்கிறது. மெர்காப்டோஎத்தனால் சேர்க்காமல் ஓட்டினால் 130-ஐ ஒட்டி ஒரு பட்டை தெரிய வேண்டும். அது தெரியாமல் ஜெல்லின் வாயிலிலேயே ஒரு திரள் தேங்கி நின்றால்தான் கவலைப்பட வேண்டும். புரதம் கட்டி தட்டிவிட்டது என்று பொருள்.

மோலார் கணக்குப் போடும்போது ஜெல்லில் தெரிந்த 65-ஐ எடுத்துக்கொள்ளாதீர்கள். 280 நானோமீட்டர் ஒளியைக் கவர்ந்து புரத அளவைக் காட்டுபவை டிரிப்டோபேன், டைரோசின் போன்ற அமினோ அமிலங்கள். சர்க்கரை அங்கே ஒளியைக் கவர்வதில்லை. அந்த முறையில் அளந்த செறிவுக்கு அமினோ அமில எடையே உரிய வகுஎண்.

சோதனைக்குழாய் (மறுமொழி)

என் கருத்து சுருக்கமானது. ஈ.கோலையில் தயாரான மனித ஏற்பிப் புரதம் எதுவாக இருந்தாலும் ஒதுக்கிவிடுங்கள். பாக்டீரியா மனிதச் சர்க்கரையை ஏற்றாது. டைசல்பைடு பிணைப்புகளைச் சரியாகக் கோக்காது. உள்ளே கட்டி கட்டியாகத் தேக்கிவைக்கும். நிவோலுமாப் பிடிக்காததற்குச் சர்க்கரை இல்லாததே காரணமாக இருக்கும். நிவோலுமாப் ஒட்டுமிடம் சர்க்கரையைச் சார்ந்தது என்று கொண்டால் உங்கள் முடிவு முழுவதும் விளங்கிவிடுகிறது.

நிலாமுற்றம்

விரிவான விடைகளுக்கு மிக்க நன்றி. கப்பா எதிர்ப்பொருள் எங்கள் தளத்திலேயே வேறொரு குழுவிடம் இருக்கிறது. நாளை கடன் வாங்கிச் சோதிக்கிறேன்.

இரண்டாம் குப்பியின் விவரம் கிடைத்தது. 33-ஆம் அமினோ அமிலம் முதல் 150-ஆம் அமினோ அமிலம் வரை. 93-ஆம் இடத்தில் சிஸ்டீனுக்குப் பதிலாகச் செரின். கட்டிகளாகத் தேங்கியதைக் கரைத்து, மீண்டும் மடியவைத்து, அளவுப்பிரிப்பு நிரலில் தூய்மைப்படுத்தியதாகச் சொன்னார்கள். எங்கள் முதல் குப்பியின் தாளில் 25 முதல் 167 வரை என்று இருக்கிறது. எட்டு அமினோ அமிலங்கள் முன்னால் குறைவதால் இவ்வளவு வேறுபாடு வருமா? அல்லது சோதனைக்குழாய் சொல்வதுபோல் சர்க்கரைதான் காரணமா?

புரதப்பட்டறை

நான் ஊகித்த எண்ணே வந்திருக்கிறது. சோதனைக்குழாய் அவர்களோடு இந்த இடத்தில் நான் உடன்படவில்லை.

நிவோலுமாபும் பி.டி-1-உம் பிணைந்த படிக அமைப்பு 2017-இல் வெளியானபோது பலருக்கும் வியப்பளித்த செய்தி, அந்த எதிர்ப்பொருள் முதன்மையாகப் பற்றிக்கொண்டிருந்தது ஏற்பியின் நடு உடலை அன்று, தொடக்க முனையில் தளர்வாகத் தொங்கிக்கொண்டிருக்கும் ஒரு வளையத்தை என்பதுதான். சமிக்ஞைத் துண்டு வெட்டப்பட்ட பிறகு 25-ஆம் இடத்தில் லியூசினோடு தொடங்கும் முதல் சில அமினோ அமிலங்களே அந்த வளையம். பி.டி-1-இன் இயற்கை இணையான பி.டி-எல்1 வந்து ஒட்டும் முகத்தில் இந்த வளையத்துக்கு முக்கியமான பங்கு இல்லை. ஆகவே அமைப்பை ஆராய்ந்தவர்கள் பலர், தளர்வான முனை படிகமாவதற்கு இடையூறாக இருக்கும் என்று கருதி, அதை வெட்டிவிட்டு 33-ஐ ஒட்டியே புரதத்தைத் தொடங்கினார்கள். உங்கள் பக்கத்து ஆய்வகத்தாரின் பிளாஸ்மிட் அந்த வழியில் வந்ததாகவே இருக்க வேண்டும். நிவோலுமாபுக்கு வேண்டிய பிடிமானத்தை வெட்டிவிட்ட புரதத்தில் அது ஒட்டவில்லை என்பதில் வியப்பில்லை. பெம்ப்ரோலிசுமாப் முதன்மையாகப் பிடிப்பது வேறொரு வளையத்தை. அது 33 முதல் 150 வரையிலான பகுதிக்குள் முழுமையாக இருக்கிறது. ஆகவே வளைகோடு வந்தது.

சர்க்கரை விளக்கம் இங்கே பொருந்தாது. நிவோலுமாபும் பெம்ப்ரோலிசுமாபும் சர்க்கரையைச் சாராமலே பி.டி-1-ஐப் பிடிப்பவை. சர்க்கரை உண்மையாகவே பொருட்படும் எதிர்ப்பொருளும் உண்டு: சீனாவில் உருவான காம்ரெலிசுமாப் 58-ஆம் இடத்துச் சர்க்கரையைத் தொட்டுக்கொண்டுதான் பி.டி-1-ஐப் பிடிக்கிறது. அதைச் சோதிக்க ஈ.கோலைப் புரதத்தை எடுத்திருந்தால் சோதனைக்குழாய் சொன்னது முற்றிலும் சரியாக இருந்திருக்கும்.

93-ஆம் இடத்துச் செரினைக் கண்டும் அஞ்ச வேண்டியதில்லை. பி.டி-1-இன் இம்யூனோகுளோபுலின் மடிப்பைத் தாங்கிப்பிடிக்கும் டைசல்பைடு பிணைப்பு 54-க்கும் 123-க்கும் இடையில் இருக்கிறது. 93-இல் இருக்கும் சிஸ்டீனுக்கு இணை கிடையாது. குழாயில் மீண்டும் மடியவைக்கும்போது அது தவறான இணையைத் தேடிப்பிடித்து மடிப்பைக் குலைக்கும். எனவே அதைச் செரினாக மாற்றிவிடுவது வழக்கம். மனித பி.டி-1, மனித பி.டி-எல்1 இரண்டும் கைகோத்து நிற்கும் படிக அமைப்பு இப்படி மாற்றப்பட்ட, பாக்டீரியாவில் தயாரான புரதத்தால்தான் கிடைத்தது. ஆகவே ஈ.கோலைப் புரதம் என்றாலே ஒதுக்க வேண்டும் என்பது மிகைக்கூற்று. சர்க்கரை சாராத முகத்தைப் பற்றிய கேள்விக்கு அது மிகத் தூய்மையான, ஒரே சீரான பொருள். நீங்கள் கேட்ட கேள்விக்கு மட்டும் அது பொருந்தவில்லை.

நான் புதிய குப்பி எதை வாங்கும்போதும் பெயரை இறுதியாகவே பார்ப்பேன். மனித பி.டி-1 என்று மேலுறையில் எழுதியிருப்பது ஒரு மரபணுவின் பெயர். உள்ளே இருப்பதோ 288 அமினோ அமிலங்கள் கொண்ட ஏற்பியில் ஏறத்தாழ பாதி. அதனோடு யாரோ தேர்ந்த ஒரு வால். எந்தச் செல்லில் வளர்ந்ததோ அதன் சர்க்கரை. எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை, வால் எந்த முனையில், உற்பத்திச் செல் எது என்ற மூன்று வரிகள் தாளில் இல்லாத குப்பியை எவர் இலவசமாகக் கொடுத்தாலும் நான் வாங்குவதில்லை.

சோதனைக்குழாய்

திருத்தத்தை ஏற்கிறேன். முன்முனை வளையம் எனக்கு நினைவுக்கு வரவில்லை. நான் வேலை செய்வது எஃப்சி காமா ஏற்பி மூன்று-ஏ என்ற மற்றோர் ஏற்பியில். இயற்கைக் கொல்லி செல்களின் மேல் இருப்பது. அங்கே 162-ஆம் இடத்துச் சர்க்கரை எதிர்ப்பொருளின் எஃப்சி-யில் உள்ள சர்க்கரையோடு நேரடியாக உரசிக்கொள்வதால், பிடிப்பின் வலிமையே அதனால் மாறிவிடும். ஒரு ஏற்பியில் கற்ற பாடத்தை மற்றொன்றின் மேல் ஏற்றிவிட்டேன்.

நாற்பதாம்_மேசை

டி செல் கேள்விக்கு இன்னும் எவரும் விடை தரவில்லை என்பதால் நான் எழுதுகிறேன்.

முதலில் பெயரைப் பற்றிய அச்சத்தை நீக்கிவிடலாம். ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் தசுக்கு ஹோன்ஜோவின் குழு, செல்கள் தாமாகவே மடிவதற்குக் காரணமான மரபணுவைத் தேடும்போது 1992-இல் இதைக் கண்டறிந்தது. பெயரும் அதன்படியே அமைந்தது. பிறகு, இந்த மரபணு நீக்கப்பட்ட எலிகளுக்கு லூபஸ் போன்ற தன்னெதிர்ப்பு நோய் வருவதை 1999-இல் அதே குழு காட்டியபோது, இது மரணக் கட்டளை அன்று, டி செல்லின் தடுப்பான் என்பது தெளிவாயிற்று. ஆனால் பெயர் அப்படியே தங்கிவிட்டது. அந்தத் தடுப்பானை விடுவிக்கும் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு வழிவகுத்ததற்காகத்தான் ஹோன்ஜோவும் ஜேம்ஸ் அலிசனும் 2018-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

உங்கள் நெறியாளரின் திட்டம் தலைகீழாக முடியும் என்பதைச் சற்றுத் தயக்கத்தோடு சொல்கிறேன். தடுப்புச் செய்தியை டி செல்லுக்குள் கொண்டுசெல்வது பி.டி-1-இன் உட்பகுதி, அங்கே 223, 248 ஆகிய இடங்களில் இருக்கும் டைரோசின்களில் பாஸ்பேட் ஏறி, எஸ்.எச்.பி-2 என்ற நொதி வந்து ஒட்டும்போதுதான் டி செல்லின் கிளர்ச்சி தணிகிறது. உங்கள் குப்பியில் இருப்பது வெளிப்பகுதி மட்டுமே. சவ்வைத் துளைக்கும் பகுதியும் இல்லை, உட்பகுதியும் இல்லை. அதை வளர்ப்பில் கரைத்து இட்டால் அது எந்த டி செல்லின் மேலும் போய் அமர்ந்துகொண்டு தடுப்பானாக மாறாது. மாறாக, மற்ற செல்களின் மேல் இருக்கும் பி.டி-எல்1-ஐத் தான் முந்திப் பிடித்து மூடிவிடும். டி செல்லின் சொந்த பி.டி-1-க்கு இணை கிடைக்காமல் போகும். செயல்பாடு அடங்குவதற்குப் பதில் உயரவே வாய்ப்பு. அதாவது, போதிய அளவில் இட்டால், கரைந்த பி.டி-1 எஃப்சி ஒரு பொறி இலக்காக, நிவோலுமாபின் திசையிலேயே வேலை செய்யும்.

அடக்குவதே நோக்கமென்றால் நீங்கள் வாங்க வேண்டியது பி.டி-எல்1 எஃப்சி. அதை, டி செல்லைத் தூண்டும் சி.டி3 எதிர்ப்பொருளோடு சேர்த்துத் தட்டில் பூசி, அதன் மேல் டி செல்களை விடுவது பரவலான முறை. கரைசலில் மிதக்கும் பி.டி-எல்1-ஐவிடத் தரையில் நெருக்கமாகப் பதிந்திருப்பதே ஏற்பிகளை ஒரே இடத்தில் திரட்டும். அதற்கு முன் உங்கள் டி செல்களின் மேல் பி.டி-1 இருக்கிறதா என்று பாருங்கள். ஓய்விலிருக்கும் புதிய டி செல்களில் அது மிகக் குறைவு, தூண்டப்பட்ட பிறகே ஏறும்.

இரட்டையா, ஒற்றையா என்ற கேள்வியும் இங்கே எழுகிறது. பி.டி-1-க்கும் பி.டி-எல்1-க்கும் இடையிலான பிடிப்பு வியக்கத்தக்க அளவு பலவீனமானது. ஒற்றை மூலக்கூறுகளை வைத்து அளந்தவர்கள் 8 மைக்ரோமோலார் அளவில் என்று கண்டிருக்கிறார்கள், மற்றோர் இணையான பி.டி-எல்2-வுடன் 2 மைக்ரோமோலாரை ஒட்டி. இவ்வளவு தளர்வான ஒற்றைப் பிடிப்பு எலைசாவின் கழுவும் சுற்றைத் தாங்காது. இரு பக்கமும் எஃப்சி இரட்டைகளாக இருந்தால், ஒரு கை விட்டாலும் மறு கை பிடித்திருப்பதால், நிறம் வரும். ஆகவே பி.டி-எல்1-ஐ எதிர்ப்பொருள் எவ்வளவு தடுக்கிறது என்று பார்க்கும் சோதனைக்கு எஃப்சி குப்பிதான் ஏற்றது. உண்மையான பிடிப்பு மாறிலியை அளக்கப் போனால் ஒரு பக்கமாவது ஒற்றையாக இருந்தாக வேண்டும். ஒரே குப்பி ஒரு சோதனைக்கு வரமாகவும் மற்றொன்றுக்குப் பொய்யாகவும் இருப்பதைக் கண்டு குழம்பாதீர்கள்.

ஈ.கோலைக் குப்பியைச் செல் வளர்ப்பின் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம். பாக்டீரியாவின் வெளிச்சவ்வில் உள்ள எண்டோடாக்சின் எவ்வளவு தூய்மைப்படுத்தினாலும் ஓரளவு கூடவே வரும். ஹெக் புரதங்களில்கூட ஒரு மைக்ரோகிராமுக்கு 1 எண்டோடாக்சின் அலகுக்குக் கீழ் என்றுதான் தாள்களில் எழுதியிருக்கும். ஒரு மில்லிலிட்டருக்கு 10 மைக்ரோகிராம் இட்டால் அந்த உச்ச வரம்பின்படி 10 அலகு, அதாவது ஏறத்தாழ 1 நானோகிராம் எண்டோடாக்சின். மோனோசைட்டுகள் விழித்துக்கொண்டு சைட்டோகைன்களைக் கொட்ட அதுவே போதும், அதை பி.டி-1-இன் விளைவு என்று நீங்கள் நம்பிவிடுவீர்கள். அதே அளவில், வேறு தொடர்பில்லாத எஃப்சி புரதத்தை இட்ட குழி ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும்.

ஆய்வுப் பயன்பாட்டுக்கு மட்டும் என்று குப்பியில் அச்சிட்டிருப்பதைச் சட்டத்துக்காகப் போட்ட வரி என்று கடந்துவிடாதீர்கள். நோயாளிக்கோ, நோயைக் கண்டறிவதற்கோ பயன்படுத்தும் பொருளுக்குரிய தயாரிப்பு நெறிகளின்படி அது உற்பத்தியாகவில்லை என்பதே அதன் பொருள். ஒரு தொகுப்புக்கும் அடுத்த தொகுப்புக்கும் செயல்திறன் மாறக்கூடும். உங்கள் ஒப்பீடு முழுவதையும் ஒரே தொகுப்பு எண்ணில் முடித்துவிடுங்கள்.

நிலாமுற்றம்

நான்கு நாள்களுக்குப் பிறகு எழுதுகிறேன். மனிதக் கப்பா எதிர்ப்பொருளுக்கு மாறியதும் முதல் குப்பியின் வெற்றுக் குழி 0.08-க்கு இறங்கிவிட்டது, நிவோலுமாபும் பெம்ப்ரோலிசுமாபும் முழு வளைகோட்டைத் தந்தன. பூசாத வரிசையையும் சேர்த்தே ஓட்டினேன், அதுவும் தெளிவு. மெர்காப்டோஎத்தனால் இல்லாத ஜெல்லில் பட்டை 130-ஐ ஒட்டியே வந்தது. வாயிலில் திரள் எதுவும் இல்லை. நெறியாளரிடம் பொறி இலக்கைப் பற்றிச் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, பி.டி-எல்1 எஃப்சி-க்கு விலை கேட்டு எழுதச் சொல்லிவிட்டார்.

ஒரு சிறு கேள்வி மட்டும் மிஞ்சியிருக்கிறது. முதல் குப்பியில் இன்னும் 60 மைக்ரோகிராம் கரைசலாக இருக்கிறது. இந்த வாரம் மூன்று முறை உறைநிலைப் பெட்டியிலிருந்து எடுத்து உருக்கிவிட்டேன். அடுத்த மாதம் சீரம் மாதிரிகளில் நிவோலுமாபை அளக்க இதையே பயன்படுத்தலாமா?

புரதப்பட்டறை

மகிழ்ச்சி. மிச்சத்தை இன்றே சிறு குழாய்களில், ஒரு நாள் வேலைக்குத் தேவையான அளவில், ஆனால் 20 மைக்ரோலிட்டருக்குக் குறையாமல் பங்கிட்டு, மைனஸ் 80-இல் வையுங்கள். மிகச் சிறிய அளவாகப் பங்கிட்டால் குழாயின் சுவரே புரதத்தின் பெரும்பகுதியை ஒட்டவைத்துக்கொள்ளும். மூன்று முறை உருகியது என்று குழாயின் மேல் எழுதிவையுங்கள்; புதிய தொகுப்போடு ஒரு வளைகோட்டை ஒப்பிட்டுப் பார்த்து, இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படிந்தால் மட்டும் தொடரலாம். அடுத்த குப்பி உலர்பொடியாக வந்தால் மூடியைத் திறக்கும் முன் சில நொடிகள் சுழற்றுங்கள். பொடி மூடியில் ஒட்டியிருப்பது கண்ணுக்குத் தெரியாது. கரைக்கும்போது குலுக்கவும் வேண்டாம்.

சீரத்துக்குப் போகும்போது கப்பா வழியை அப்படியே எடுத்துச் செல்ல முடியாது. மனிதச் சீரத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 10 மில்லிகிராம் ஐஜிஜி இருக்கிறது. அதில் பாதிக்கு மேல் கப்பா. அதில் சிறு பங்கு தட்டில் சும்மா ஒட்டிக்கொண்டாலும் உங்கள் வெற்றுக் குழி மீண்டும் பழைய நிலைக்கே போகும். அங்கே நிவோலுமாபின் பிடிப்பு முனையை மட்டும் அடையாளம் காணும் எதிர்ப்பொருள் வேண்டும். அதற்குத் தனி இழை தொடங்குங்கள், என்னிடம் இருக்கும் செய்முறையை அங்கே எழுதுகிறேன்.